நான்கு அங்குலக் காற்று

ஆறு மாதத்தில் அவன் முடித்திருந்த வேலைகள் இரண்டு. ஒன்று கோழிப்பண்ணை. இன்னொன்று மாமனாரின் மாடி அறை.

"கோழி சாட்சி சொல்லாது," என்றார் தலைமையாசிரியை.

அவருடைய மேசையில் நான்கு கம்பெனிகளின் விளம்பரத் தாள்கள் கிடந்தன. நான்கிலும் ஒரே சூரியன், ஒரே சிவப்பு அம்புகள். அம்புகள் கூரைவரை வந்து, வெள்ளி நிறத் தாளைக் கண்டதும் வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தன.

"எல்லாரும் அம்பு போட்டுக் காட்டுறாங்க. அம்பு எனக்கும் வரையத் தெரியும். எட்டு வகுப்பறை, எட்டும் தகர ஷீட். மத்தியானம் முப்பத்தாறு டிகிரி தாண்டினா பிள்ளைங்க தூங்கிடுதுங்க. முப்பத்தெட்டு தாண்டினா டீச்சருங்க தூங்கிடுறாங்க."

"நாப்பது தாண்டினா மேடம்?"

"நானே தூங்கிடுறேன். அதனாலதான் உங்களக் கூப்பிட்டேன்."

அவர் நிபந்தனைகளைச் சொன்னார். வேலை முடிந்து ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். மனிதர்கள் இருக்கும் அறையாக இருக்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்குப் பார்க்க வேண்டும். முப்பத்தாறுக்குக் கீழே இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் அவரே கொண்டுவருவார்.

"மாமனார் ரூம் இருக்கு மேடம். போன மாசம் முடிச்சது. நாப்பத்தொண்ணு இருந்தது முப்பத்தஞ்சுக்கு இறங்கிச்சு."

"மாமனாரா?" தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மருமகனப் பத்தி நல்லது சொல்ற மாமனாரா?"

"ஒரு மாசமா சொல்றாரு மேடம்."

"அப்ப அவரையே பாக்கணும். நாளைக்கு வர்றேன்."

அவன் பதினான்கு வருடம் தகர ஷீட் விற்கும் கம்பெனியில் இருந்தவன். ஷீட் வாங்கியவர்கள் வெயில் காலத்தில் தேடிவந்து திட்டுவார்கள். திட்டு பொறுக்காமல், அலுமினியத் தாள் ஒட்டிய ஃபாயிலைக் கூரைக்கு அடியில் பொருத்தும் தொழிலுக்கு வந்தான். "பதினாலு வருஷம் சூட்ட வித்தாரு, இப்ப அதுக்கு மருந்து விக்கிறாரு," என்றார் மாமனார். அந்தத் தொழிலுக்கு ஜிகினா என்ற பெயரும் அவர் வைத்ததுதான். அது நிலைத்துவிட்டது. அவன் பெயர்ப்பலகையில் வேறு பெயர் இருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை.

மனைவி ஆறு மாதத் தவணை கொடுத்திருந்தாள். பழைய மேனேஜர் அவனுடைய நாற்காலியை ஒன்றாம் தேதிவரை யாருக்கும் தருவதில்லை என்று சொல்லியிருந்தார். ஒன்றாம் தேதி வரும் திங்கட்கிழமை. பள்ளிக்கூட வேலை கிடைத்தால் ஃபாயில். கிடைக்காவிட்டால் நாற்காலி.

"அப்பா ரூம்தானே? அதுக்கு ஏன் பயப்படுறீங்க?" என்றாள் மனைவி, மத்தியானச் சாப்பாட்டின்போது. "ஊரெல்லாம் உங்க புகழத்தானே பாடிட்டுத் திரியிறாரு."

உண்மைதான். முடி வெட்டுகிறவரிடம், "என் மாப்ள மண்டை உள்ள மனுஷன்" என்றிருந்தார். மருந்துக் கடையில், "ஒரு அங்குலத்தக்கூட வீணாக்கத் தெரியாதவர்" என்றிருந்தார். பல் டாக்டரிடம் ஏதோ சொல்லியிருந்தார். வாய் திறந்திருந்ததால் டாக்டருக்குச் சரியாக விளங்கவில்லை, ஆனால் பாராட்டு என்பது புரிந்ததாம்.

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் மாமனார் அவனைப் பாராட்டியது இதுவே முதல் முறை. தினமும் ஒரு தடவை அதை நினைத்துக்கொள்வான். பெரும்பாலும் பல் தேய்க்கும்போது.

"எதுக்கும் போய் ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்," என்றான்.

மாமனார் மூன்று தெரு தள்ளித் தனியாக இருந்தார். ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் ஸ்டோர் கீப்பர். ஓய்வு பெறும்போது சாவிகளைத் திருப்பிக் கொடுத்தார். பழக்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மாடி அறைக்குப் பூட்டு போட்டுச் சாவியை இடுப்பில் கட்டியிருந்தார். உள்ளே போகிறவர்கள் வாசலில் தொங்கும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பெற்ற மகளும் போட்டாக வேண்டும்.

"வாங்க மாப்ள. நேரம் எழுதுங்க. இரண்டரை இல்ல, இரண்டு முப்பத்து ரெண்டு."

கதவு திறந்தது. உள்ளேயிருந்து வந்த காற்று முகத்தில் அறைந்தது.

அவன் தெர்மாமீட்டரை ஆணியில் மாட்டினான். மூன்று நிமிடம் காத்திருந்தான். நாற்பது.

அலமாரிகள் நான்கு சுவரையும் மறைத்து நின்றன. ஒவ்வொரு தட்டிலும் சீட்டு. நடுவில் நாற்காலி, அதில் முழுக்கைச் சட்டையுடன் மாமனார். நெற்றியிலிருந்து சொட்டிய வியர்வையைக் கைக்குட்டையில் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

"சூடா இல்லையா மாமா?"

"சூடா? எங்க?"

"வேர்க்குதே உங்களுக்கு."

"வேர்க்கும். அது வேற."

முப்பத்தைந்து வருடம் அவர் இருந்த ஸ்டோருக்கும் தகரக் கூரைதான். அவருக்கு வெயில் என்பது வெளியே இருக்கும் ஒரு பொருள், அவ்வளவுதான். உள்ளே இருப்பது அறை.

அவன் தெர்மாமீட்டரைக் கீழே கொண்டுபோய்ப் படிக்கட்டு நிழலில் வைத்துப் பார்த்தான். முப்பத்துநான்கு. மறுபடி மேலே வந்தான். நாற்பது.

"உங்க தெர்மாமீட்டருக்குக் காய்ச்சல் அடிக்குது மாப்ள," என்றார் மாமனார்.

அவன் டேப்புக்குப் போன் செய்தான். டேப் அவனுடைய ஒரே வேலையாள். ஃபாயில் இணைப்புகளை வெள்ளி டேப்பால் ஒட்டுவதில் கைதேர்ந்தவர். மூக்குக் கண்ணாடி, செருப்பு, போன், சைக்கிள் சீட்டு என்று தன் உடைமைகள் எல்லாவற்றையும் அதே டேப்பால் ஒட்டியிருந்தார். வெயிலில் தூரத்திலிருந்து வரும்போதே அங்கங்கே மின்னுவார்.

வந்தவர் அறைக்கு வெளியே மொட்டை மாடியை ஒரு சுற்று சுற்றினார்.

"அண்ணே, இங்க வாங்க. காத்துப் போற ஓட்டையெல்லாம் துணி வெச்சு அடைச்சிருக்கு."

கூரை விளிம்புக்குக் கீழே இரண்டு பக்கமும் அவர்கள் விட்டிருந்த திறப்புகள் அவை. சூடான காற்று அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரே அளவில் கிழித்த துணி, ஒரே மாதிரி மடித்து, திணிக்கப்பட்டிருந்தது.

"யாரு மாமா அடைச்சது?"

"எலி வரும்."

"வரட்டுமே. உள்ள அது திங்கிறதுக்கு என்ன இருக்கு?"

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

டேப் துடைப்பத்தை எடுத்து, அதன் கம்பால் மேலே சீலிங் பலகையைத் தட்டினார். டங் என்றது.

"அண்ணே, நாம மாட்டினப்ப தொப்புன்னுதானே கேட்டுச்சு?"

இன்னொரு பலகையைத் தட்டினார். டங். மூன்றாவதைத் தட்டினார். டிங்.

"அது பால் பவுடர்," என்றார் மாமனார்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

அவன் ஸ்டூலில் ஏறி ஒரு பலகையைத் தூக்கினான். ஒரு பிஸ்கட் டின் டேப்பின் தோளில் விழுந்து, தரையில் உருண்டு, மாமனாரின் காலடியில் போய் நின்றது. அவர் குனிந்து எடுத்தார். நூலில் கட்டிய சீட்டைப் பார்த்தார். "பி ஏழு," என்று முணுமுணுத்து, ஒடுக்கு விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

அவன் மேலே தலையை நீட்டிப் பார்த்தான். தகர ஷீட்டுக்கு அடியில் ஃபாயில். அதற்கு அடியில் நான்கு அங்குலம் இடைவெளி. அதற்கு அடியில் பலகை. அப்படித்தான் செய்திருந்தான். இப்போது அந்த நான்கு அங்குலத்தில் சுவரிலிருந்து சுவர்வரை டப்பாக்கள் தோளோடு தோள் உரசி நின்றன. பிஸ்கட் டின், பால் பவுடர் டின், மிட்டாய் டின், படுக்கவைத்த எண்ணெய் டின். எல்லாம் ஃபாயிலை முட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைத் தொட்டான். கை சுட்டது. திறந்து பார்த்தான். காலி. இன்னொன்று. காலி.

காலி இடம் நிறைந்திருந்தது. நிறைந்திருந்த ஒவ்வொன்றும் காலியாக இருந்தது.

"எத்தன மாமா?"

"இருநூத்துப் பன்னெண்டு. பதிமூணு இருந்துச்சு. ஒண்ண உங்க வீட்டம்மா வாங்கிட்டுப் போச்சு. திருப்பித் தரல."

"இவ்ளோ காலி டப்பா எதுக்கு?"

"தேவைப்படும்."

"எப்ப?"

"எப்பன்னு தெரிஞ்சா சேத்து வெக்கவே வேணாமே மாப்ள. அன்னைக்கு வாங்கிக்கலாமே."

டேப் தலையை ஆட்டினார். அவருக்கு அது நியாயமாகப் பட்டது.

அவன் ஸ்டூலிலேயே உட்கார்ந்தான். பொறுமையாகப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"மாமா. தகரம் சூடாகும். அந்தச் சூட்ட அடியில இருக்கிறதுமேல வீசும். ஃபாயிலோட பளபளப்பு அந்த வீச்ச நிறுத்திடும். ஆனா அதுக்கு முன்னால காலி இடம் வேணும். இல்லன்னா சூடு கை மாத்திக் கை மாத்திக் கீழ வந்துடும். நடுவுல ஆள் இருக்கக் கூடாது. நீங்க இருநூத்துப் பன்னெண்டு ஆள நிறுத்தி வெச்சிருக்கீங்க."

"அப்ப உங்களுக்குக் காத்துதான் இருக்கணும்?"

"ஆமா மாமா. வெறும் காத்து."

"டப்பாவுக்குள்ள என்ன இருக்கு?"

அவன் கையிலிருந்த டப்பாவைத் திறந்தான். மூடினான்.

"அண்ணே, பாயின்ட்டு," என்றார் டேப்.

"நீங்க சும்மா இருங்க."

"அதுவும் மூடி போட்ட காத்து," என்றார் மாமனார். "வெளியவும் போகாது."

தகரம் மேலே நெளிந்து சத்தமிட்டது.

"நீங்க எனக்காகத்தான் செஞ்சீங்கன்னு நினைச்சேன் மாப்ள," என்றார் மாமனார். குரல் தணிந்திருந்தது. "பலகையத் தூக்கிப் பாத்தேன். ரூம் முழுக்க நாலு அங்குலம். யாராவது சும்மா விடுவாங்களா? சரி, மாமனுக்குச் சாமான் வெக்க இடமில்லன்னு நமக்குத் தெரியாம ஒரு பரண் கட்டிக் குடுத்திருக்காரு, சொல்லக் கூச்சப்படுறாருன்னு நினைச்சேன். அதான் ஊரெல்லாம் சொன்னேன்."

"அப்ப ரூம் குளிர்ந்துச்சுன்னு சொல்லலையா?"

"குளிர்ந்துச்சா? எப்ப?"

பல் தேய்க்கும்போது நினைத்துக்கொள்ள இனி வேறு ஏதாவது தேட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

"சரி மாமா. எல்லாத்தையும் இறக்கிடுவோம். நாளைக்கு ரெண்டு மணிக்கு ஸ்கூல் மேடம் வர்றாங்க."

மாமனார் எழுந்தார். அலமாரியில் 'எழுதுபொருள்' என்று சீட்டு ஒட்டிய தட்டிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்தார். பேனாவையும் நீட்டினார்.

"இண்டென்ட் எழுதுங்க."

"என்னது?"

"ஸ்டோர்லேர்ந்து பொருள் எடுக்கணும்னா எழுதிக் கேக்கணும். பொருள், எண்ணிக்கை, எதுக்கு வேணும். மூணு கட்டம்தான்."

அவன் எழுதினான். பொருள்: டப்பா. எண்ணிக்கை: 212. எதற்கு: காலி செய்ய.

மாமனார் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"காலி பண்றதுக்குன்னு ஸ்டோர்ல எதையும் குடுக்க முடியாது மாப்ள. அப்படிக் குடுத்தா அதுக்குப் பேரு ஸ்டோரே இல்ல."

"மாமா, நாளைக்கு இந்த ரூம் முப்பத்தாறுக்குக் கீழ இல்லன்னா பள்ளிக்கூட வேலை போச்சு. திங்கக்கிழமை நான் மறுபடி ஷீட் விக்கப் போகணும்."

"அது நல்ல உத்தியோகம்தானே?"

"எனக்கு இல்ல மாமா."

மாமனார் அவனைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். அவருக்கு மனமில்லாமல் இல்லை. கை வரவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் ஒரு பொருளும் காரணமில்லாமல் அவருடைய தட்டைவிட்டு இறங்கியதில்லை.

"புதுச் சரக்கு வந்தா பழச ஒதுக்கலாம்," என்றார், தனக்குள் பேசுவதுபோல. "இடம் வேணும்னா ஒதுக்கித்தானே ஆகணும். அது முறை. ஆனா சரக்கே வரலையே."

அவன் படியிறங்கிப் போனான். வண்டியில் அவனுடைய டெலிவரிச் சீட்டுப் புத்தகம் இருந்தது. கோழிப்பண்ணைக்காக இரண்டு தாள் மட்டும் கிழித்திருந்தான். பானெட்டின்மேல் வைத்து எழுதினான். பானெட் சுட்டது. புத்தகத்துக்கு அடியில் செருப்பைக் கொடுத்து எழுதினான். மேலே வந்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

"சரக்கு வந்திருக்கு மாமா. இறக்கி வெக்க இடம் வேணும்."

மாமனார் வாங்கிப் படித்தார். பொருள்: காற்று. நீளம் பதினான்கு அடி. அகலம் பதினொன்று. உயரம் நான்கு அங்குலம். வைக்க வேண்டிய இடம்: ஃபாயிலுக்கும் பலகைக்கும் நடுவில்.

அவர் சிரிப்பார் என்று டேப் எதிர்பார்த்தார். அல்லது திட்டுவார். அவர் பென்சிலை எடுத்தார்.

"பதினாலு பதினொண்ணு நூத்தம்பத்தி நாலு. மூணுல ஒரு பங்கு. அம்பத்தோரு கன அடி, சொச்சம்." நிமிர்ந்தார். "யாரு சப்ளை?"

"நான்தான் மாமா."

"உடையுமா?"

"உடையாது."

"துரு?"

"பிடிக்காது."

"எலி?"

"தொடாது."

"காலாவதி?"

"கிடையாது."

"எடை?"

"பலகைக்குப் பாரமே தெரியாது."

"சாம்பிள் வேணும்னா நான் ஊதிக் காட்டவா?" என்றார் டேப்.

மாமனார் அவரைப் பொருட்படுத்தவில்லை. சீட்டை இன்னொரு முறை படித்தார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"முப்பத்தஞ்சு வருஷத்துல இப்படி ஒரு சரக்கு என் கைக்கு வந்ததில்ல," என்றார். "துருப்பிடிக்காது, உடையாது, எலி தொடாது. நல்ல சரக்கு மாப்ள." கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். வீட்டில் முத்திரை வைத்திருப்பார் என்று அவன் நினைக்கவில்லை.

"பழையத எங்க ஒதுக்குறது?" என்றார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஓட்டைகளில் திணித்திருந்த துணிகளை டேப் உருவி எடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு டப்பாவும் ஆறு மணிக்கு அவன் வீட்டு வாசலில் இறங்கின. மாமனார் கூடவே வந்து ஒவ்வொன்றாக டிக் அடித்தார். மனைவி கதவில் சாய்ந்து நின்றாள்.

"என்னங்க இது?"

"உங்கப்பாவோட பழைய சரக்கு. அங்க புதுச் சரக்கு வந்திருக்கு. இடமில்ல."

"என்ன புதுச் சரக்கு?"

"காத்து."

அவள் கணவனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா டிக் அடிப்பதை நிறுத்தி, "அம்பத்தோரு கன அடி," என்றார்.

"ரெண்டு பேரும் வெயில்ல ரொம்ப நேரம் இருந்தீங்களா?"

டப்பாக்கள் கட்டிலுக்கு அடியில் போயின. பீரோவுக்கு மேலே போயின. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போயின. இப்படி ஒரு இடம் தன் வீட்டில் இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் ஒன்று ஐம்பத்தெட்டுக்குத் தலைமையாசிரியை வந்தார். வாசல் நோட்டைப் பார்த்ததும் நின்றார். கையெழுத்துப் போட்டு, நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் பிசகாமல் எழுதினார். மாமனார் அதைக் கவனித்தார். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போயிற்று.

தெர்மாமீட்டர் ஆணியில் ஏறியது. டேப் மூச்சுவிடுவதைக் குறைத்துக்கொண்டார், மனித மூச்சும் சூடுதான் என்று. ஐந்து நிமிடம் கழித்துத் தலைமையாசிரியை கிட்டப் போய்ப் பார்த்தார்.

"முப்பத்தஞ்சு. அதுக்கு மேல ஒரு கோடு."

மாமனார் சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டார். அவருக்கு இப்போது லேசாகக் குளிர்ந்தது.

"மேல என்ன இருக்கு?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"அலுமினியம் ஃபாயில் மேடம். சூட்டு வீச்சுல நூத்துக்குத் தொண்ணூறு பங்கு..."

"அது தாள்லயே இருக்கு. அம்பு போட்டிருக்கீங்க. அதுக்குக் கீழ?"

"காத்து," என்றார் மாமனார். "அம்பத்தோரு கன அடி. நல்ல சரக்கு. நேத்துதான் வந்துச்சு."

தலைமையாசிரியை தெர்மாமீட்டரை ஆணியிலிருந்து கழற்றினார்.

"நேத்தா?" தலைமையாசிரியை அவன் பக்கம் திரும்பினார். "ஒரு மாசம் ஆச்சுன்னு சொன்னீங்களே."

டேப் தரையைப் பார்த்தார். மாமனார் தான் எங்கே தவறினோம் என்று யோசித்தார். சரக்கு வந்த தேதியைத்தான் சொன்னார். தேதி சரிதான்.

அவன் ஏதாவது ஒரு பொய் கிடைக்குமா என்று தேடினான். வாசலில் நோட்டு தொங்கியது. அதில் நேற்று அவன் வந்த நேரம், போன நேரம், டேப் வந்த நேரம் எல்லாம் இருந்தன. பொய்க்கு அங்கே இடமில்லை.

"நேத்து மத்தியானம் இங்க நாப்பது டிகிரி மேடம்," என்றான்.

எல்லாவற்றையும் சொன்னான். டப்பாக்கள், துணி அடைத்த ஓட்டைகள், பால் பவுடர், இண்டென்ட். சொல்லச் சொல்ல அவனுக்கே கேட்கச் சகிக்கவில்லை. திங்கட்கிழமை நாற்காலி நினைவுக்கு வந்தது. அதன் இடது கை கொஞ்சம் ஆடும்.

தலைமையாசிரியை குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"டப்பா இருந்தப்ப நாப்பது. எடுத்தப்புறம் முப்பத்தஞ்சு. அதே ரூம். அதே வெயில்."

"ஆமா மேடம்."

"நாலு கம்பெனிக்காரனும் இதச் சொல்லல. ஒட்டினாப் போதும், குளிர்ந்துடும்னான். உள்ள எதையும் வெக்கக் கூடாதுன்னு ஒருத்தனும் சொல்லல." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மாமனாரின் நாற்காலி. மாமனார் பொறுத்துக்கொண்டார். "இப்ப என் கவலை வேற. என் ஆளுங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாது. பலகை போட்டு ஒரு வாரத்துல உடைஞ்ச பெஞ்சு மேல ஏறிடும். பழைய பரீட்சைத் தாள் ஏறிடும். போன வருஷ நாடகத்துக்குச் செஞ்ச சிங்கத் தலை ஒண்ணு வெக்க இடமில்லாம என் ரூம்லயே உக்காந்திருக்கு. அது முதல்ல ஏறும்."

"சிங்கத் தலை என்ன அளவு?" என்றார் மாமனார்.

"ரெண்டடிக்கு ரெண்டடி."

"நாலு அங்குலத்துல போகாது."

"அமுக்கிப் போடுவாங்க சார். நீங்க அவங்களப் பாத்ததில்ல."

மாமனாரின் முகம் மாறியது. அவர் கண் முன்னால் யாரோ அவருடைய ஸ்டோரில் சிங்கத்தை அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சரக்கு இருக்கிற இடத்துலயா?" என்றார். "அங்கதான் காத்து இருக்கே! இன்னொரு சரக்க எப்படி வெப்பாங்க?"

"அதத்தான் நானும் கேக்கிறேன். யாரு சொன்னா கேப்பாங்க?"

"சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க மேடம். சீட்டு ஒட்டணும். என்ன சரக்கு, எவ்ளோ, யாரு பொறுப்பு. மாசம் ஒரு தடவ இருப்பு சரிபாக்கணும். சீட்டு ஒட்டின எடத்துல கை வெக்க மனுஷனுக்கு ஒரு பயம் வரும். முப்பத்தஞ்சு வருஷம் பாத்திருக்கேன்."

தலைமையாசிரியை அலமாரிகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சீட்டுகள் நேராக இருந்தன. எல்லாம் ஒரே கையெழுத்து.

"இவர் வருவாரா?" என்று அவனிடம் கேட்டார். "எட்டு ரூமுக்கும் பொறுப்பா. மாசம் ஒரு தடவ."

"மாமா?"

மாமனார் இடுப்புச் சாவியைச் சரிசெய்துகொண்டார். ஓய்வு பெற்று ஏழு வருடத்தில் யாரும் அவரிடம் எந்தப் பொறுப்பையும் கொடுத்ததில்லை. அவசரப்பட்டதுபோல் தெரியக் கூடாது.

"ரிஜிஸ்டர் யாரு குடுப்பா?"

"பள்ளிக்கூடம் குடுக்கும். கோடு போட்டதா, போடாததா?"

"போட்டது."

"அப்ப திங்கக்கிழமை காலைல மூணு பேரும் வந்துடுங்க," என்று எழுந்தார் தலைமையாசிரியை. போகும்போது நோட்டில் நேரம் எழுத மறக்கவில்லை.

அவன் மாடியிலிருந்தே மேனேஜருக்குப் போன் செய்தான்.

"நாற்காலிய யாருக்காவது குடுத்துடுங்க சார். காலியா வெக்காதீங்க."

மாமனார் பக்கத்தில் நின்று, அதை ஆமோதித்துத் தலையசைத்தார்.

அன்று மாலை மாமனார் அவன் வீட்டுக்கு வந்தார். கையில் வெள்ளை அட்டையில் வெட்டிய எட்டுச் சீட்டுகள். வகுப்பறை இருபதுக்கு இருபது அடி என்று மருமகனிடம் கேட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார். 'பொருள்: காற்று. இருப்பு: நூற்று முப்பத்து மூன்று கன அடி. யாருக்கும் கொடுப்பதற்கில்லை.' எட்டையும் எழுதி, ஈரம் காய வரிசையாகப் பரப்பினார்.

"மாப்ள வேலையப் பத்தி நான் தப்பா நினைச்சிருந்தேன்," என்றார் மகளிடம், அவன் காதில் விழும்படி. "பரண் யாரு வேணும்னாலும் கட்டுவான். இது அப்படி இல்ல. ஒண்ணுமில்லாத இடத்த ஒண்ணுமில்லாமலே வெச்சுக் காப்பாத்தணும். சும்மா இல்ல."

அவன் கேட்டுக்கொண்டான். பல் தேய்க்கும்போது நினைத்துக்கொள்ள ஒன்று ஆயிற்று.

திங்கட்கிழமை வேலைக்கு ஸ்க்ரூக்களைப் பிரித்து வைக்க வேண்டியிருந்தது. பையில் எல்லாம் கலந்து கிடந்தன. அவன் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, கைக்கு வந்த ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தான்.

மேசையிலிருந்து மாமனார் தலையைத் திருப்பவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"இண்டென்ட் எழுதிட்டீங்களா மாப்ள?"